நகைச்சுவை வள்ளல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

மக்கட்பிறப்பினர்க்கே உரியவாய் அமைந்த பேறுகளுள் நகையும் ஒன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தோதுமிடத்து நகையினையே முதற்கண் நிறுத்தினார். அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களங்கள் எள்ளுதலும், இளமையும், பேதைமையும், மடமையும் என நான்காம் என்றும் கூறிப்போந்தார். பிறரை இகழ்ந்து நகுதலும், குழவிப் பருவத்தாரது சொல்லும் செயலும் கண்டு நகுதலும், அறிவின்மை கண்டு நகுதலும், எதனையும் ஆராயாது நம்பும் எளிமை கண்டு நகுதலும் என அவற்றை நாம் விரித்துக் கொள்ளலாம். இந்நான்கனுள் முன்னின்ற எள்ளல் மிக எளிது. அதற்குக் கல்வியும் வேண்டா, பயிற்சியும் வேண்டா. எளியார் ஒருவரைக் கண்டு வலியார் பலர் கூடிச் சிரித்தல் தெருமுனையிலும் நிகழ்வதே. ஏனைய மூன்றனையும் தமக்கு விளைநிலமாகக் கொண்டு, எளியாரை எள்ளாமலே இலட்சக்கணக்கான மக்களை நகைப்பித்த பெருந்தகையார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆவர். அன்னாரது வரலாற்றினை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

நம் சங்கத்தின் இவ்விதழில் நம் குலத்துப் பெரியோர்களின் சரிதங்களே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். கலைவாணரோ பிறிதொரு குலத்திற் பிறந்தவர். அங்ஙனமிருக்க அவர் சரிதம் ஈண்டு எற்றுக்கு என அன்பர் சிலர் வினவுதல் கூடும். மழைக்கும் நிலவுக்கும் குலமில்லை. நல்லோர் வாழ்க்கையும் அத்தகைத்தே என்பது நம் முதல் விடை. மற்றொரு விடையும் உண்டு. இந்நாளில் தொலைக்காட்சி வாயிலாக நகைச்சுவை நம் இல்லந்தோறும் புகுந்துவிட்டது. தனி ஒருவராய் மேடையேறி நின்று பேசி நகைப்பூட்டும் ஸ்டாண்ட் அப் காமெடி என்னும் கலையில் நம் இளைஞர் பலர் நாட்டங் கொண்டுள்ளனர். ஆண்டுவிழா மேடைகளிலும் அத்தகைய நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. அவர்கள் எவரை வழிகாட்டியாகக் கொள்ளுதல் தகும் என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை கலைவாணர் வாழ்க்கையில் உளது.

பிறப்பும் இளமையும்

அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். குடும்பம் வறுமையில் உழன்றது. ஆகலின் நான்காம் வகுப்பிற்கு மேல் இவர் பள்ளிக்குச் செல்லக் கூடவில்லை. வயிற்றுப்பாட்டின் பொருட்டு நாடகக் கொட்டகையில் தின்பண்டமும் சோடாவும் விற்கும் சிறுவனாகப் புகுந்தார். விற்பனை ஒரு புறமிருக்க, அவர் கண்ணும் செவியும் மேடைமீதே பதிந்திருந்தன.

நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டு என்னும் கலை தொன்றுதொட்டு வழங்கி வருவதை அன்பர்கள் அறிவார்கள். மணிகள் கட்டிய நெடிய வில்லினை நிலத்தில் வைத்து, அதன் நாணை வீசுகோலால் தட்டி முதற்பாடகர் கதை சொல்லிச் செல்வார். குடமும் உடுக்கையும் தாளமும் துணை நிற்கும். அருகிருப்போர் ஆமாம் போட்டும், இடைமறித்து வினவியும் கதையை நடத்துவர். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் எடுக்கும் கொடை விழாக்களில் விடிய விடிய இக்கலை நிகழும். பெற்றோர் இருவரும் அத்தெய்வங்களின் பெயரையே தாங்கியிருக்க, மகன் அத்தெய்வங்களின் முன்னர்ப் பாடப்படும் கலையில் ஊறி வளர்ந்தார். பாமரரும் விளங்கிக் கொள்ளும் சொல்லில் அரிய பொருளை வைக்கும் ஆற்றலையும், வினாவிடையாகக் கதையை நகர்த்தும் முறையையும் அவர் வில்லினின்றே கற்றனர் என்று நாம் துணியலாம்.

நாடக மேடை

அந்நாளில் பாலர் நாடக சபைகள் ஊரூராகச் சென்று நாடகம் நடத்தின. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-ஆம் ஆண்டில் தோற்றுவித்த நாடகக் குழுவில் கிருஷ்ணன் சேர்ந்தார். அக்கால நாடகங்களில் பபூன் என்னும் விகடவேடக்காரர் காட்சிகளின் இடையிடையே தோன்றி மக்களைச் சிரிக்கச் செய்வார். கதைக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதில்லை. அவர் வாய்ச்சொல் பெண்டிர் இருந்து கேட்கத்தக்கதாக இருப்பதும் அரிது. இந்த வேடத்தைத் தாம் ஏற்ற கிருஷ்ணன், அதனைத் தூய்மை செய்தார். இரட்டுற மொழிந்து இழிபொருள் தோற்றுவிக்கும் பேச்சைக் களைந்து, அன்றாட வாழ்க்கையில் நாம் காணும் முட்டாள்தனங்களை அவ்விடத்தில் வைத்தார். பபூன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட குடும்பத்தார், இவர் வருகையை எதிர்பார்த்து இருந்தனர்.

திரையுலகம்

பேசும் படம் தமிழகத்தில் தோன்றிய சின்னாட்களில் நாடக நடிகர் பலர் அதன்கண் புகுந்தனர். டி. கே. எஸ். சகோதரர்களின் மேனகா என்னும் படம் 1935-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் கிருஷ்ணன் நடித்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதியிலும் நடித்தார். பிற்காலத்தில் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றியது அப்படத்தின்கண்ணே என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

அதே 1936-ஆம் ஆண்டில் வசந்தசேனா என்னும் படத்தின் பொருட்டுப் புனா நகரம் சென்றபோது, திருச்சிராப்பள்ளிப் பகுதியினரான டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். மேடைத் துணைவராக அமைந்த அம்மையார் வாழ்க்கைத் துணைவியும் ஆயினார். அன்று தொட்டுக் கிருஷ்ணனும் மதுரமும் இணைந்து தோன்றாத படத்தை மக்கள் குறையுடையதாகவே கருதலாயினர். இவ்விருவர் நகைச்சுவையில் பெண்ணானவள் அறிவிலியாய் நின்று கணவனால் இகழப்படுவது அரிது. பெரும்பாலும் கணவன் பிதற்றுவான். மனைவி நேரிய வினா ஒன்றால் அவன் பேதைமையை வெளிப்படுத்துவாள். வில்லுப்பாட்டில் முதற்பாடகரை இடைமறிக்கும் துணைப்பாடகரின் இடத்தை அம்மையார் திரையில் வகித்தார் என்னலாம்.

படத்தின் மூலக்கதை ஒரு புறம் செல்ல, நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தாமே கற்பித்து, டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை இராமசாமி முதலிய தம் குழுவினரைக் கொண்டு தனியே அமைத்துக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். அம்பிகாபதி, சகுந்தலை, கண்ணகி, ஹரிதாஸ் எனப் புராணமும் பழங்கதையுமான படங்களினூடே, இந்நாளைய மனிதரைப் பற்றி இந்நாளைய மொழியிற் பேசும் வாய்ப்பு அவருக்கு இதனாற் கிட்டியது. பாடல்களுக்கு உடுமலை நாராயண கவி உற்ற துணையாயினார்.

அவர் நகையின் இயல்பு

அவர் நகைத்தவை எவை என ஆராய்வோமாயின், பொய்ச் சாமியார், போலிச் சாத்திரம், குடிவெறி, கடன்பட்டு ஆடம்பரம் செய்தல், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தல் ஆகியவற்றையே காண்கின்றோம். குடிப்பவனைக் காட்டினால் அவனை வெறுக்குமாறு காட்டார். அவன் நிலைக்கு நாணி, அவனே திருந்துமாறு காட்டுவார். மூடனாகத் தாமே வேடம் புனைவாரேயன்றிப் பிறரை மூடராக்கித் தாம் உயர்ந்து நிற்க விழையார். அவையில் இருந்த கடன்காரனும் குடியனும் சாதிச் செருக்கனும் தம்மையே திரையிற் கண்டு சிரித்தனர்; வீடு திரும்புகையில் சிந்தித்தனர். சுயமரியாதை இயக்கத்தின் கருத்துக்களும் காந்தியடிகளின் கருத்துக்களும் அவர் உள்ளத்தில் ஒருங்கே இடம்பெற்றிருந்தன.

இடுக்கண்

புகழின் உச்சியில் நின்ற காலத்தே பேரிடி வீழ்ந்தது. திரைப்பட நடிகர்களின் அந்தரங்கங்களை எழுதி ஏடு விற்றுவந்த இலக்ஷ்மிகாந்தன் என்னும் பத்திரிகையாளர், 1944-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்துண்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் அக்காலத்தின் தலைசிறந்த பாடகர் நடிகரான எம். கே. தியாகராஜ பாகவதரும், கிருஷ்ணனும், படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் பிறரும் டிசம்பரிற் சிறைப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் பயன்படவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று மீண்டும் உயர்நீதிமன்றத்திற்குத் திரும்பியது. வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாட, 1947-ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவராக விடுதலை பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசம் இவ்வாறு முடிவுற்றது.

அக்காலத்தில் மதுரம் அம்மையார் செய்த அருஞ்செயலை நாம் மறத்தல் ஒல்லாது. கணவர் சிறையிருக்க, வழக்குச் செலவு மலைபோல் வளர, அவர் மூலையிற் குந்தி அழுதாரல்லர். எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோர் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்திக் குழுவினர் பலரின் வாழ்வைக் காத்தார். அச்சபையின் பைத்தியக்காரன் என்னும் நாடகம் படமாக எடுக்கப்பெற்று 1947-இல் வெளிவந்தது. படம் முற்றுப்பெறுமுன் விடுதலை பெற்று வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார். இடுக்கண் வந்துழி நகுமாறு வள்ளுவர் பணித்ததை ஏட்டிற் படித்தார் பலர். வாழ்ந்து காட்டியோர் இத்தம்பதியர்.

சிறையினின்று மீண்டோன் உலகை வெறுத்தலும், தன்னைத் துன்புறுத்தியோரைப் பழித்து மகிழ்தலும் இயல்பு. கிருஷ்ணன் நகையிலோ கசப்பு ஏறவில்லை. அவ்வாண்டிலேயே நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப்பெற்றது. இயற்பெயரினும் அப்பட்டமே பின்னர் நிலைத்தது.

கிந்தனார்

விடுதலைக்குப் பின் சி. என். அண்ணாதுரை எழுதிக் கொடுத்த நல்லதம்பி என்னும் படம் 1949-இல் வெளிவந்தது. அதன்கண் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் நம் சங்கத்தார் யாவரும் கருத்திற் கொள்ளத்தக்கது. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தை அக்காலத்தில் பாகவதர்கள் காலட்சேபமாக நிகழ்த்திவந்தனர். தீண்டாதார் எனத் தள்ளப்பட்ட குலத்தில் தோன்றிய நந்தனார், தில்லையைக் காண ஏங்கி நெருப்பில் மூழ்கித் தூய்மையெய்தினார் என்பது அக்கதை. கலைவாணர் அதே காலட்சேப வடிவை எடுத்துக்கொண்டார், கதையை மாற்றினார். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன், கோயிலைக் காண ஏங்கவில்லை; கல்வியை நாடி ஏங்குகின்றான். ஊர்ப் பள்ளியில் இழிவும் அடியுமே கிட்ட, ரயிலேறிப் பட்டணம் செல்கின்றான், கற்றுத் தேறுகின்றான், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்புகின்றான். அன்று அவனை அடித்து விரட்டிய ஆசிரியர் இன்று அவனை வரவேற்றாக வேண்டும்.

இதிற் புலப்படும் நுட்பம் யாது? நந்தனார்க்கு நெருப்பு எதுவோ, கிந்தனார்க்குக் கல்வி அதுவாயிற்று. நெருப்பு குலத்தின் மாசைப் போக்கியதாகப் பழங்கதை கூறும். மாசு குலத்தில் இல்லை, தடுத்தோர் கண்ணில் இருந்தது என்பதைப் புதுக்கதை உணர்த்திற்று. கொட்டகை முழுதும் சிரித்தது, எவரைக் கண்டு? கிந்தனைக் கண்டு அன்று. கிந்தனைத் தடுத்தோரின் மடமையைக் கண்டு சிரித்தது. தாழ்ந்தவரைச் சிரிப்புக்குரியவராக்கிய நெடுநாளைய வழக்கத்தை ஒரு காலட்சேபத்தால் தலைகீழாக்கினார் கலைவாணர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் கல்வியின் பெருமையை இங்ஙனம் பாடினார் என்பதை எண்ணுந்தொறும் நம் நெஞ்சம் உருகுகின்றது.

கொடையும் மறைவும்

1951-ஆம் ஆண்டு கலைக்குழுவினருடன் ருஷிய நாடு சென்று வந்தார். அதே ஆண்டில் மணமகள், மறு ஆண்டில் பணம் என்னும் படங்களை இயக்கினார். வில்லுப்பாட்டை அவர் கைவிட்டாரல்லர். திருநெல்வேலிச் சீமையினின்று சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து, காந்தியடிகளின் சரிதத்தை வில்லில் இசைத்தார். சுப்பு ஆறுமுகம் 2022-ஆம் ஆண்டில் மறையும் வரை அக்கலையை வளர்த்துவந்தார்.

ஈட்டிய பொருளை எண்ணிப் பார்த்துச் சேமிக்கும் வழக்கம் கலைவாணர்க்கு இருந்ததில்லை. இல்லை என்று வந்தோர்க்கு இல்லை என்னாது ஈந்தார். கொடுத்துக் கொடுத்தே கை வறண்டார். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், ஐம்பதாண்டும் நிரம்பாத வயதில், சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். தம் குடும்பத்திற்கென்று செல்வம் வைத்துச் சென்றாரில்லை. இல்லறத்தார்க்கு இஃது ஒரு குறையே எனக் கூறுவார் கூறுக. அக்குறையால் வாழ்ந்த குடும்பங்கள் பல என்பதையும் உடன் கூறுதல் முறைமையாகும்.

சென்னை தியாகராய நகரில் நிறுவப்பெற்ற அவரது சிலையை 1969-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார். மூன்று வாரத்திற்குள் அவரும் மறைந்தார். சென்னையில் பாலர் அரங்கம் எனப்பட்டது பின்னர்க் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்று, 2016-ஆம் ஆண்டில் புதிய கட்டடமாகவும் எழுந்தது. கொள்ளைநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் இடைவெளிவிட்டு அமர வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே அவ்வரங்கிற் கூடிற்று. சோடா விற்ற சிறுவன் பெயர் தாங்கிய மண்டபத்தில் நாட்டின் சட்டங்கள் இயற்றப்பட்டன.

அக்காலமும் இக்காலமும்

கலைவாணர் தொலைக்காட்சியைக் கண்டாரல்லர். இந்திய நாட்டில் டெல்லியில் அஃது தொடங்கப்பெற்றது 1959-ஆம் ஆண்டில்; சென்னைக்கு வந்தது 1975-ஆம் ஆண்டில். 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின் தனியார் ஒளிபரப்புகள் பெருகின. 2005-ஆம் ஆண்டளவில் விஜய் தொலைக்காட்சியில் கலக்கப்போவது யாரு என்னும் போட்டி நிகழ்ச்சி தொடங்கிற்று. செல்வமும் செல்வாக்கும் இல்லாத சிற்றூர் இளைஞர் பலர் அத்தகைய மேடைகளில் ஏறித் தம் நாவன்மை ஒன்றையே முதலாகக் கொண்டு உயர்ந்தனர். திரைப்பட நாயகராக இன்று விளங்கும் சிவகார்த்திகேயனும் அவ்வாறு வெளிவந்தவரே. இது பெரும் நன்மை. கொட்டகை வாசலில் நின்ற கிருஷ்ணனுக்குக் கிட்டாத கதவு இன்று பலர்க்குத் திறந்திருக்கின்றது.

தனி ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று தம் வாழ்க்கையையே பொருளாக்கி நகைப்பூட்டும் கலையை மேனாட்டினின்று வந்த புதுமை என்பர். அதன் பெயர் புதிது. அதன் உயிர் நமக்குப் பழையது. காலட்சேபக்காரரும் வில்லுப்பாட்டுக்காரரும் கதையை நிறுத்தி, ஊர்நடப்பை எடுத்து, அவையோரைப் பார்த்துப் பேசி நகைப்பித்தவர்களே. வேற்றுமை ஒன்று உண்டு. வில்லுப்பாட்டில் முதற்பாடகர் வரம்பு கடந்தால் இடைமறித்துக் கேட்க அருகில் ஒருவர் இருப்பார். இன்றைய தனிமேடையில் அவர் இல்லை. ஆகவே அவ்வினாவைப் பேசுவோர் தம் நெஞ்சகத்தே வைத்துக்கொள்ளல் இன்றியமையாதது.

தொலைக்காட்சி நகைச்சுவையில் நாம் காணும் குறைகளையும் மறைத்தல் கூடாது. கருத்த மேனியைக் கண்டு நகைத்தல், பருத்த உடலைக் கண்டு நகைத்தல், ஆடவர் பெண்வேடம் புனைந்து பெண்மையை இழித்தல், திருநங்கையரைக் கேலிப் பொருளாக்குதல், பேச்சு வழக்கைக் கொண்டு ஓர் ஊரையோ தொழிலையோ தாழ்த்துதல் ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. சில நிமிடங்களுக்குள் சிரிப்பை வருவித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியே இதற்குப் பெருங்காரணம் என நினைக்கின்றோம். எள்ளல் விரைவில் விளையும் பயிர். ஏனைய மூன்றும் பொறுத்து விளைவன.

நம் சங்கத்தார்க்கு ஈண்டு ஒரு விண்ணப்பம். சாதிச் சங்கம் என்பது கூடி வாழ்தற்கும், ஏழை மாணாக்கர்க்கு உதவுதற்கும் அமைந்தது. அயலாரை எள்ளுதற்கு அமைந்ததன்று. நம்மவர் மட்டுமே இருக்கின்றனர் என்னும் துணிவில் பிற குலத்தாரைப் பற்றிக் கூறும் விகடம், கிந்தனை அடித்த பிரம்புக்கு ஒப்பானது. எனவே நம் ஆண்டுவிழா மேடைகளில் ஏறும் இளைஞர் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. நாம் நகைப்பது நம்மினும் வலியாரையா, எளியாரையா? நாம் நகைக்கும் ஒருவர் இவ்வவையில் வந்திருந்தால் அவரும் உடன் சிரிப்பாரா? சிரித்து முடித்தபின் அவையோர்க்கு எஞ்சுவது யாது? இவற்றிற்கு நாணாமல் விடையிறுக்க வல்லார் தாராளமாக மேடையேறுக. நம் குலத்தின் வீண் ஆடம்பரங்களையும், மணவினைச் செலவுகளையும், பட்டம் பதவிச் சண்டைகளையும் எடுத்து நகைக்க விரும்புவார்க்கும் நம் மேடை திறந்திருக்க வேண்டும். அங்ஙனம் நகைக்கப்படும்போது சினவாது உடன் நகும் ஆண்மை பெரியோர்க்கும் வேண்டும்.

வறுமையில் பிறந்து, கல்வி இழந்து, வழக்கிற் சிக்கிச் சிறையுற்று, ஈட்டியதை ஈந்து மறைந்த ஒருவர், தம் துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றாது இன்பத்தையே பகிர்ந்தார். அவர் நகையால் புண்பட்ட எளியார் ஒருவரும் இலர். அத்தகைய நகை நம் இல்லங்களிலும் மன்றங்களிலும் தழைப்பதாக. கலைவாணர் புகழ் நீடு வாழ்க.